எந்த பட்ஜெட்டுக்கும் சாப்பாடு இருக்காம்... யாரோட பட்ஜெட்டு சாமி?

கொஞ்ச நாளா ஒண்ணு மனசுல கிடந்து குடைஞ்சுகிட்டே இருக்கு. இன்னைக்கு இறக்கி வச்சிடறேன். கோவமான பதிவுதான். படிச்சுட்டு திட்டணும்னா பின்னூட்டப் பெட்டி கீழதான் இருக்கு, தாராளமா திட்டுங்க.

"சென்னைல பத்து ரூபாய்க்கும் சாப்பிடலாம், பத்தாயிரத்துக்கும் சாப்பிடலாம்." இந்த வரி இல்லாத சாப்பாட்டுப் பதிவு எதையாவது நீங்க படிச்சிருக்கீங்களா? நான் படிச்சதில்ல. அட, நானே நாலஞ்சு தடவை எழுதியிருக்கேன். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, சவுக்கார்பேட்டை மின்ட் தெருவுல கச்சோரி, சைதாப்பேட்டை வடகறி, பெரியமேட்டு பிரியாணின்னு ஒரு லிஸ்ட்டைப் போட்டு, கடைசியா ஸ்டார் ஓட்டல் பஃபே ஒண்ணைச் சேர்த்து, "எந்த பட்ஜெட்டுக்கும் இங்க இடமுண்டு"ன்னு முடிச்சா பதிவு ரெடி. நாப்பது பேர் வந்து "சூப்பர் தல"ன்னு போட்டுட்டுப் போவாங்க. நமக்கும் குளுகுளுன்னு இருக்கும்.

அந்த வரியை இன்னையோட வாபஸ் வாங்கிக்கறேன். காரணம் எங்க அம்மா.

அம்மாவுக்கு 67 வயசு. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டத்துல, வெங்காயக்காட்டுல பாதி ஆயுசு கழிச்சவங்க. அவங்களுக்கு ஒரு சிகிச்சை. தினமும் போகணும், அஞ்சு வாரம். ஆஸ்பத்திரியைப் பத்தி குறை ஒண்ணும் இல்ல, நல்லாவே பார்த்தாங்க. தங்கினது ஒரு லாட்ஜ் ரூம், சமைக்கக்கூடாது. ஆக மூணு வேளையும் வெளியிலதான். லாட்ஜ் வாடகை, ஆட்டோ, மாத்திரை எல்லாம் போக எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாட்டுக்குன்னு ஒரு நாளைக்கு இருநூறு ரூபா ஒதுக்க முடிஞ்சுது. சரி, பத்து ரூபாயிலேருந்து சாப்பாடு இருக்கற ஊராச்சே, இருநூறுன்னா ராஜ வாழ்க்கைன்னு நினைச்சேன். என் பதிவை நானே நம்பினேன் பாருங்க, அதுதான் கூத்து.

முதல் நாள் மதியம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு சைவ ஓட்டல். பேர் வேணாம், எல்லா ஓட்டலும் கிட்டத்தட்ட அப்படித்தான். சாப்பாடு ரேட்டைப் பார்த்தேன், ஒரு ஆளுக்கு வாங்கினாலே ஒரு நாள் கணக்குல பாதிக்கு மேல போயிடும். அம்மாவுக்கோ ஒரு கரண்டிக்கு மேல இறங்காது. "தயிர்சாதம் அரை பிளேட் கிடைக்குமா?" இல்ல. சரி, முழு தயிர்சாதம் ஒண்ணு. அம்மா சர்வர் தம்பிகிட்ட மெதுவா கேட்டாங்க: "ரெண்டு சின்ன வெங்காயம் குடேன் சாமி."

"சின்ன வெங்காயமெல்லாம் இல்லம்மா. பெரிய வெங்காயம்தான், அதுக்குத் தனி சார்ஜ்."

அம்மா சிரிச்சுட்டாங்க. வெளிய வந்தப்புறம் சொன்னாங்க: "விலை விழுந்தா காட்டுலயே கொட்டிட்டு வருவோம், இங்க ஒரு துண்டுக்குக் காசு கேக்கறான் பாரு."

அந்த தம்பி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ரேட் போட்டது அவனில்ல. அன்னைக்கு ராத்திரி நடந்ததுதான் உறைச்சுது. அம்மா தண்ணியே குடிக்கல. டாக்டர் நிறைய குடிக்கணும்னு சொல்லியிருக்காரு. ஏம்மான்னு கேட்டா, "எதுக்கு வம்பு, குடிச்சா போறதுக்கு இடம் தேடணும்"னாங்க. வேளாவேளைக்குச் சாப்பிட்டா மறுபடி ஓட்டல் ஏறணும், என் காசு கரையும்னு சாப்பாட்டையும் குறைச்சுக்க ஆரம்பிச்சிருக்காங்க. மூணாவது நாள்தான் எனக்கே தெரிஞ்சுது.

எந்த பட்ஜெட்டுக்கும் சாப்பாடு இருக்கற ஊர்ல ஒரு நோயாளி பட்டினி கிடந்த கதை இது. இதுக்கப்புறமும் அந்த வரியை எப்படி எழுதறது?

எங்க தப்பு பண்றோம்னு யோசிச்சேன். பட்ஜெட்னா நாம ரூபாயை மட்டும் எண்ணறோம். பைக் இருக்கு, ரூம் இருக்கு, வயித்துக்கு வியாதி இல்ல, பசிச்சா நாலு மணிக்கும் சாப்பிடலாம். ரூபா மட்டும்தான் நமக்குக் கணக்கு. பத்து ரூபா கச்சோரிக்கு நாப்பது ரூபா பெட்ரோல் போட்டுட்டுப் போய் "பத்து ரூபாய்க்கு அமிர்தம்"னு எழுதறோம். அரியலூர்லேருந்து மூட்டை தூக்க வர்றவனுக்கும், ஜெயங்கொண்டத்துலேருந்து சர்டிபிகேட் விஷயமா ஒரு நாள் வந்துட்டுப் போறவருக்கும், பேஷண்டு கூட இருக்கறவங்களுக்கும் கணக்கு வேற. எவ்வளவு தூரம் நடக்கணும்? எத்தனை மணிக்குத் திறப்பான்? உட்கார இடம் உண்டா? குடிக்கத் தண்ணி சும்மா குடுப்பானா, பாட்டில்தானா? கை கழுவ, ஒண்ணுக்குப் போக இடம் உண்டா? இந்த அஞ்சும் சேர்ந்ததுதான் அவங்க பட்ஜெட்டு. இதுல ஒண்ணு இல்லைன்னா அந்த பத்து ரூபா சாப்பாடு அவங்களுக்கு இல்லைன்னுதான் அர்த்தம்.

இங்க ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். இல்லைன்னா "ஊர்லயே இருந்திருக்க வேண்டியதுதானே"ன்னு முதல் பின்னூட்டம் வந்துடும்.

ஊர்ல வெளிய சாப்பிடறது பெரிய சொர்க்கம் ஒண்ணும் இல்ல. பரோட்டாக் கடையில சால்னா கேட்டுக் கேட்டு ஊத்துவாங்க, அது உண்மை. ஆனா நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க பக்கத்து கிராமங்கள்ல டீக்கடையில ரெண்டு கிளாஸ் இருந்துச்சு. யாருக்கு எந்த கிளாஸ்னு கடைக்காரனுக்கு மூஞ்சியைப் பார்த்தே தெரியும். மெட்ராஸுக்குப் போனா எவனும் "எந்தத் தெரு"ன்னு கேக்கமாட்டான், காசை வச்சா இலையைப் போடுவான்னு ஒரு தலைமுறையே பஸ் ஏறி வந்துச்சு. அந்த நிம்மதியைக் குறைச்சுப் பேசவே மாட்டேன்.

அந்த நிம்மதியும் சும்மா வரல. 1957ல திருவல்லிக்கேணி முரளி கபே வாசல்ல பெரியார் ஏன் மறியல் பண்ணினாரு? ஓட்டல் பலகையில "பிராமணாள்"னு இருந்ததை எடுக்கச் சொல்லித்தான். மாசக்கணக்குல தினமும் ஆட்கள் போய் மறிச்சாங்க, கைதானாங்க. கடைசியில அந்த வார்த்தை பலகையை விட்டுப் போச்சு. இந்த ஊர்ல யாரும் எங்கயும் உட்கார்ந்து சாப்பிடலாம்ங்கறது சண்டை போட்டு வாங்கினது. அதை ஞாபகம் வச்சுக்கிட்டு இன்னைக்கு ஒரு ஓட்டல் வாசல்ல நில்லுங்க. யாரும் தடுக்கமாட்டாங்க. விலைப்பட்டியலைப் பார்த்து நீங்களா திரும்பிடுவீங்க. பலகையும் விலைப்பட்டியலும் ஒண்ணுன்னு சொல்லவரல. சாதி அவமானம் வேற, காசில்லாம திரும்பறது வேற. ஆனா உள்ள போகமுடியாம வாசல்ல நிக்கறவங்க முக்கால்வாசிப் பேர் யாரு வீட்டுப் பிள்ளைங்கன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க, சொல்றேன்.

சரி, அப்ப எங்களுக்கு யார்தான் சோறு போட்டாங்க?

நாலாவது நாள் லாட்ஜுக்குப் பின்னாடி சந்துல ஒரு தள்ளுவண்டி அக்காவைக் கண்டுபிடிச்சோம். நாலு இட்லியும் வடையும் நாப்பது ரூபா. அம்மா நின்னுகிட்டே சாப்பிடறதைப் பார்த்துட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "குந்தும்மா, நின்னுக்கினு துன்னா ஒடம்புல ஒட்டாது"ன்னாங்க. அம்மாவுக்கு மூஞ்சியெல்லாம் சந்தோஷம். "நாங்களும் ஊர்ல குந்துன்னுதான் சொல்வோம்"னு பேச்சு ஆரம்பிச்சுது. ரெண்டு இட்லி மட்டும், காரம் இல்லாத சட்னி, குடத்துத் தண்ணி ஒரு சொம்பு. அடுத்த நாள்லேருந்து அம்மாவுக்குன்னு கொஞ்சம் ரசஞ்சாதம் வீட்டுலேருந்து டப்பாவுல வந்துச்சு, வெங்காயத்தோட! காசு வாங்கமாட்டேன்னு சொல்லி, அப்புறம் பத்து ரூபா வாங்கிக்கிட்டாங்க.

"சென்னைல எந்த பட்ஜெட்டுக்கும்"னு நாம பீத்திக்கற லிஸ்ட்டோட கீழ்ப்பாதி முழுக்க இவங்கதான். பெரிய ஓட்டல்காரங்க யாரும் அந்தப் பாதியில கிடையாது. அத்தோவை எடுத்துக்குங்க. 1962ல பர்மாவுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சு, கடை கண்ணியெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிட்டப்போ, கையில ஒண்ணும் இல்லாம கப்பலேறி வந்த தமிழர்கள் பாரிஸ் பக்கம் பிழைப்புக்குப் போட்ட கடைங்கதான் அது. மின்ட் தெருவுல மார்வாடி, குஜராத்தி குடும்பங்க. இந்த ஊரோட பன்முகம்னு நாம சொல்றதெல்லாம் யாரோ ஊர் விட்டு ஊர் வந்து பிளாட்பாரத்துல அடுப்பு மூட்டினதுதான்.

அந்த அடுப்பு எவ்வளவு உறுதியா இருக்கு? நாங்க அங்க இருந்த மூணாவது வாரம் அக்கா வண்டியைக் காணோம். யாரோ பெரிய மனுஷர் அந்த வழியா போறாருன்னு ரோட்டை சுத்தம் பண்ணிட்டாங்களாம். மூணு நாள் வண்டி இல்ல. மூணு நாளும் அம்மாவுக்கு பன்னும் பாலும்தான்.

2014ல தெருவோர வியாபாரிகள் சட்டம்னு மத்தியில ஒண்ணு வந்தது உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கணக்கெடுப்பு முடிச்சு சான்றிதழ் குடுக்கற வரைக்கும் இருக்கற வியாபாரியை அப்புறப்படுத்தக்கூடாதுன்னு அதுல இருக்கு. ஊர் ஜனத்தொகையில ரெண்டரை சதவீதம் வரைக்கும் வியாபாரிகளுக்கு இடம் குடுக்கணும்னு இருக்கு. விற்பனைக் குழுன்னு ஒண்ணு போட்டு, அதுல நாப்பது சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க இருக்கணும்னும் இருக்கு. நாம வரிசையா கடை லிஸ்ட் போடறோமே, இந்தச் சட்டத்தைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கோமா? சட்னி கெட்டியா இருந்துச்சா தண்ணியா இருந்துச்சான்னு அரைப் பக்கம் எழுதறோம். சட்னி அரைச்சவங்க நாளைக்கு அதே இடத்துல இருப்பாங்களான்னு கேக்கறதே இல்ல.

அடுத்து அம்மா உணவகம். இங்க கட்சிக்காரங்க ரெண்டு பக்கமும் கல்லோட தயாரா இருப்பீங்க, தெரியும். கொஞ்சம் பொறுங்க.

2013 பிப்ரவரியில சென்னையில ஆரம்பிச்சது. இட்லி ஒரு ரூபா, பொங்கல் அஞ்சு, சாம்பார் சாதம் அஞ்சு, தயிர்சாதம் மூணு. அப்புறம் சாயங்காலத்துக்கு ரெண்டு சப்பாத்தி மூணு ரூபா. சுய உதவிக் குழுப் பெண்கள் நடத்தறது. சுத்தமா மேஜை போட்டு, மானத்தோட நின்னு சாப்பிடற மாதிரி வச்சது பெரிய விஷயம். எங்க கணக்கைக் காப்பாத்தினதுல அதுக்கும் பங்கு உண்டு. 2020 ஊரடங்குல நிறைய ஓட்டல் மூடிக் கிடந்தப்போ சென்னையில இலவசமாவே போட்டாங்க. 2021ல ஆட்சி மாறின உடனே முகப்பேர்ல ஒரு அம்மா உணவகத்துப் பலகையை சிலர் பிடுங்கி எறிஞ்சாங்க. அவங்களை அவங்க கட்சியே நீக்கி, உணவகம் தொடரும்னு சொன்னது. 2024 ஜூலையில முதல்வரா இருந்த ஸ்டாலின் ஒரு உணவகத்துக்குப் போய்ப் பார்த்துட்டு சீரமைக்க 21 கோடின்னு அறிவிச்சாரு. ஆக ரெண்டு பெரிய கட்சியும் இது வேணும்னு ஒத்துக்கிட்டாச்சு. அப்ப சண்டை எதுக்கு?

என் சண்டை நேரத்தோட. காலை ஏழு மணியிலேருந்து பத்து. மதியம் பன்னண்டுலேருந்து மூணு. நம்ம ஊர் பஸ் சென்னைக்கு வந்து சேர்றது விடியக்காலம் நாலு, நாலரை. ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்க ஆறு மணிக்கு வரிசையில நிக்கணும். டாக்டர் பார்த்து முடிச்சு வெளிய வரும்போது மூணரை. ரெண்டு வேளையும் தவறிப்போச்சு. மார்க்கெட்டுல மூட்டை இறக்கறவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் பசிக்கும். அந்த நேரத்துல மூடியிருக்கற ஒரு ரூபா இட்லி யாருக்கு? பத்து வருஷத்துக்கு மேல ஓடற திட்டத்துல யாரும் இதைக் கேக்கலைங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

மத்த ஊரைப் பாருங்க. பெங்களூர்ல 2017 ஆகஸ்ட் 16ல இந்திரா கேன்டீன் வந்துச்சு, நம்மளைப் பார்த்துத்தான். டிபன் அஞ்சு ரூபா, சாப்பாடு பத்து. ஆந்திராவுல 2018ல அண்ணா கேன்டீன் ஆரம்பிச்சு, 2019ல ஆட்சி மாறினதும் மூடி, 2024ல மறுபடி ஆட்சி மாறினதும் திறந்தாங்க. நடுவுல அஞ்சு வருஷம் பசிச்சவன் என்ன பண்ணினான்னு யாரும் எழுதி வைக்கல. இதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு, ரயில்வே 2023ல பண்ணினது. பொதுப்பெட்டி வந்து நிக்கற இடத்துக்கு நேரா பிளாட்பாரத்துல கவுண்டர் போட்டு இருபது ரூபாய்க்கு பூரி கிழங்கு குடுக்கணும்னு உத்தரவு. எல்லா ஸ்டேஷன்லயும் ஒழுங்கா நடக்குதாங்கறது வேற பஞ்சாயத்து. ஆனா யோசிச்ச விதத்தைப் பாருங்க. ஏழை எங்க நிப்பான்னு முதல்ல யோசிச்சு, அங்க கொண்டுபோய் கவுண்டரை வைக்கறது. இந்த ஒரு புத்தி வந்துட்டா பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு.

அந்த புத்தி நகரத்துக்கு வந்திருக்கான்னு பார்க்க கோயம்பேட்டை விட நல்ல இடம் கிடையாது.

கோயம்பேடு மார்க்கெட் 1996ல வந்தது. பஸ் நிலையம் 2002ல. நம்ம பக்கத்து ஜனங்களுக்கு சென்னைன்னா அதுதான். எங்க காட்டு வெங்காயம் போற இடமும் அதுதான், அந்த மூட்டையை இறக்கற தோளும் எங்க பக்கத்துத் தோள்தான். என் பெரியப்பா மகன் அங்க பத்து வருஷம் மூட்டை தூக்கினவர். 2020 மே 5ம் தேதி மார்க்கெட்டை மூடினாங்க. அதுக்கு முந்தின நாட்கள்லயே லாரியிலயும் பைக்லயும் ஆட்கள் ஊருக்குக் கிளம்பி வந்தாச்சு. அந்த வாரம் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம்னு மாவட்டம் மாவட்டமா கொரோனா எண்ணிக்கை எகிறுச்சு. பேப்பர்லயும் டிவியிலயும் "கோயம்பேடு கிளஸ்டர்". ஊர்ல "கோயம்பேட்டுக்காரன் வந்திருக்கான்"னு தெருவையே அடைச்சாங்க. அண்ணன் பள்ளிக்கூடத்துல படுத்துக்கிட்டு போன்ல சொன்னாரு: "ஊரடங்கு நாள்லயும் காய் வேணும்னு எங்களை ராப்பகலா இறக்கச் சொன்னாங்க தம்பி. இப்ப நாங்கதான் வியாதி."

அந்த நாற்பது நாளும் சென்னை தின்ன சாம்பார்ல எங்க ஊர்க்காரன் தோள் இருந்துச்சு. நோய் வர்ற வரைக்கும் அவனை எவனும் பார்க்கல. சாப்பாட்டுப் பதிவு எழுதற நாமளும் பார்க்கல. ஓட்டலோட சமையல்கட்டு வரைக்கும் எட்டிப் பார்ப்போம், அதுக்கு அந்தாண்ட போகமாட்டோம்.

நம்ம பக்கத்து பஸ்ஸும் இப்ப அங்க வர்றதில்ல. 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் திறந்தாங்க, 2024 ஜனவரியில தெற்கே போற பஸ்ஸெல்லாம் அங்க மாறிடுச்சு. ஊருக்குள்ள நெரிசல் குறையும், அதெல்லாம் நியாயம்தான். ஆனா ஒரு பஸ் நிலையத்தைச் சுத்தி இருபது வருஷமா தானா முளைச்ச இட்லி வண்டி, முட்டைக் கடை, ராத்திரி ரெண்டு மணி டீ, இதையெல்லாம் யாரும் லாரியில ஏத்திக் கொண்டுபோக முடியாது. புதுசா ஒரு நிலையத்துக்கு வரைபடம் போடும்போது பஸ் எத்தனை நிக்கும்னு கணக்குப் போடறாங்க. இருபது ரூபாயோட இறங்கறவன் எங்க சாப்பிடுவான்னும் அதே வரைபடத்துல ஒரு கட்டம் இருக்கணும். வாடகைக்கு விடற ஏ.சி. கடைகளுக்கு முன்னாடி அந்தக் கட்டம் வரணும். இதைக் கேக்கறது பிச்சை இல்ல. அந்த ஊருக்குக் காய் அனுப்பறவன் கேக்கற நியாயம்.

இப்ப உங்க கேள்விக்கெல்லாம் வர்றேன்.

"ஓட்டல்காரன் என்ன தர்மசத்திரமா நடத்தறான்?" இல்ல. கேஸ் விலை, வாடகை, சம்பளம் எல்லாம் எனக்கும் தெரியும். யாரும் நஷ்டத்துக்கு விக்க வேணாம். நான் கேக்கறது காசு செலவில்லாத விஷயம். அரை பிளேட் குடுங்க. தண்ணி ஜக்கை மேஜையில வைங்க, பாட்டிலைத் திறந்து முன்னாடி நீட்டாதீங்க. வயசானவங்க கேட்டா கழிப்பறை சாவியைக் குடுங்க. இதனால எந்த ஓட்டலும் திவாலாகாது.

"தள்ளுவண்டி சுத்தமா இருக்காது." சில வண்டி இருக்காது, ஒத்துக்கறேன். தண்ணிக் குழாயும் குப்பைத் தொட்டியும் இல்லாத இடத்துல நிறுத்தி வச்சுட்டு சுத்தமா இல்லைன்னா என்ன நியாயம்? குழாய் போட்டுக் குடுத்துட்டு அப்புறம் கேளுங்க.

"எல்லாத்தையும் இலவசமாக் குடுத்தா எவன் உழைப்பான்?" ராத்திரி ரெண்டு மணிக்கு மூட்டை இறக்கறவன்கிட்ட போய் இதைக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.

"நீ எழுதி என்ன கிழிச்சே?" இதுதான் நல்ல கேள்வி. ஒண்ணும் கிழிக்கல. அதனாலதான் சக பதிவர்கள்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். நீங்க சாப்பாட்டுப் பதிவு எழுதறதை நிறுத்த வேணாம், நானும் நிறுத்தப்போறதில்ல, நாக்கு அப்படி. ஆனா இனிமே ஒவ்வொரு கடையைப் பத்தி எழுதும்போதும் அஞ்சு விஷயம் சேர்த்து எழுதுங்க. பஸ் நிறுத்தத்துலேருந்து எவ்வளவு நடை? எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி? உட்கார இடம் உண்டா? தண்ணி சும்மாவா? கழிப்பறை இருக்கா? அஞ்சு வரிதான். ருசியைப் பத்தி அம்பது வரி எழுதற நமக்கு இது பெரிய வேலையா? ஊர்லேருந்து ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வர்ற ஒரு பையன் ராத்திரி போன்ல தேடிப் பார்ப்பான். அவனுக்கு உங்க வடகறி வர்ணனையை விட அந்த அஞ்சு வரி உதவும்.

நானும் என் பழைய பதிவுகளைத் திறந்து திருத்த ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு கடையைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். "பத்து ரூபா சொர்க்கம்"னு நான் எழுதின ஒரு இடத்துல உட்கார ஒரு கல்லு கூட இல்ல. அப்ப என் கண்ணுல அது படவே இல்ல.

அம்மா ஊருக்குத் திரும்பிட்டாங்க, இப்ப தேவலாம். போற அன்னைக்கு அக்காகிட்ட சொல்லிட்டுப் போகணும்னு அடம். வண்டி திரும்ப வந்திருந்துச்சு, சந்துல இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி. அடுத்த மாசம் செக்கப்புக்கு வந்தப்போ அம்மா கையில ஒரு பை. என்னன்னு பார்த்தா அஞ்சு கிலோ சின்ன வெங்காயம், எங்க காட்டுது. அக்காவுக்காம். "அவ ஒருத்திதான் வெங்காயத்துக்குக் காசு கேக்கல"ன்னாங்க.

டிஸ்கி: அந்த அக்கா எந்தச் சந்துன்னு தனிமடல்ல கேக்காதீங்க, சொல்லமாட்டேன். நாம போட்டோ போட்டு, கூட்டம் கூடி, அப்புறம் நெரிசல்னு யாராவது வண்டியை எடுக்கச் சொல்லிட்டா, அந்தப் பாவம் எனக்கு வேணாம்.